நீர்மேல் இட்ட வரப்பு

வயலுக்கு வரப்பு வேண்டும் என்பதை உழவனுக்கு எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. நீரின் முகத்தில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்துக்கும் அத்தகைய வரப்பொன்று வேண்டும், அதை இட்டாலன்றி அப்படலத்தின் சுபாவத்தை அளந்தறிய இயலாது என்ற உண்மையோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் தெளிவாயிற்று. லண்டனை அடுத்த கிளாப்ஹம் குளத்தில் ஒரு தேக்கரண்டி அளவு எண்ணெயை ஊற்றிய பெஞ்சமின் பிராங்க்ளின், ஏறக்குறைய அரை ஏக்கர் பரப்பு அலையடங்கிக் கண்ணாடிபோல் ஆனதைக் கண்டு வியந்து, 1774இல் அந்தச் செய்தியை வெளியிட்டார். ஆயினும் குளக்கரையன்றி வேறு எல்லையற்றுப் பரவிய அப்படலத்தின் கனத்தை அவர் கணக்கிட முற்படவில்லை.

வரப்பை இட்டவர் ஒரு பெண்மணி. 1862இல் வெனிஸ் நகரில் பிறந்து, ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வளர்ந்த அக்னெஸ் பொக்கெல்ஸ் என்னும் அம்மையார், பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறவாத அக்காலத்தில், நோயுற்ற பெற்றோரைப் பேணும் கடமைக்கிடையே, இயற்பியல் பயின்ற தம்பி அனுப்பிய நூல்களைத் துணையாகக் கொண்டு, வீட்டுச் சமையலறையையே தம் ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். 70 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் 2 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு தகரத் தொட்டி. அதில் விளிம்பு தளும்ப நீர். நீரின் முகத்தைத் தொட்டவாறு குறுக்கே கிடக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் அகலத் தகரப் பட்டை: இவ்வளவே சாதனம். பட்டையை நகர்த்தினால் ஒருபுறம் படலம் விரியும், மறுபுறம் நெருங்கும். நெருக்கம் ஓர் எல்லையை எட்டும்வரை நீரின் பரப்பு இழுவிசை பெரிதும் மாறாதிருந்து, அவ்வெல்லையைத் தாண்டியவுடன் விரைவாகக் குறைவதை அவர் கண்டார். இதே துறையில் ரேலே பிரபு உழைத்து வருவதை அறிந்து, 1891 ஜனவரியில் அவருக்கு ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுதினார். பிரபு அதைத் தம் மனைவியாரைக் கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்து, தம் பரிந்துரையுடன் 'நேச்சர்' சஞ்சிகைக்கு அனுப்பி, அவ்வாண்டு மார்ச்சிலேயே பிரசுரமாகும்படி செய்தார். முகமறியாத ஒருவரின் உழைப்பைத் தமதாக்கிக் கொள்ளாமல் அவர் பெயராலேயே உலகறியச் செய்த அப்பெருந்தன்மை போற்றுதற்குரியது.

அத்தொட்டியைச் செம்மைப்படுத்திய அமெரிக்கரான இர்விங் லாங்மியூர், இத்தகைய படலம் ஒரே மூலக்கூறு கனமுடையது என்பதை 1917இல் நிலைநாட்டினார். அவருடன் பணியாற்றிய கேதரின் பிளாட்ஜெட், கண்ணாடியை நீரில் அமிழ்த்தி எடுத்து, படலத்தை அடுக்கடுக்காக அதன்மேல் ஏற்றும் வித்தையைக் கண்டார். நீரின் முகத்தில் இருந்தது திடப்பொருளின் மேல் ஏறிவிட்டது. ஆனால் உயிரணுவின் உறைக்கு உரிய இளக்கம் அவ்வடுக்குகளில் இல்லை.

அவ்வுறை லிப்பிட் எனப்படும் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன இரட்டைப் படலம் என்று 1925இல் ஹாலந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் இரத்தச் சிவப்பணுக்களை ஆராய்ந்து கூறினர். கொழுப்பை முழுமையாகப் பிரித்தெடுக்காததும், சிவப்பணுவின் பரப்பைக் குறைவாக மதித்ததுமாகிய அவர்களுடைய இரு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து, முடிவு மட்டும் சரியாக அமைந்தது விஞ்ஞான சரித்திரத்தின் அபூர்வங்களுள் ஒன்று. அப்படலம் இறுகிய சுவரன்று, மூலக்கூறுகள் இடையறாது இடம்பெயரும் திரவம் என்ற கருத்து 1972இல் சிங்கர், நிக்கல்சன் ஆகியோரால் உருப்பெற்றது.

மில்லிமீட்டரில் 10 லட்சத்தில் நான்கைந்து பங்கே கனமுள்ள அந்தத் திரவத்தை, அதன் ஓட்டம் கெடாமல் கல்லின்மேல் கிடத்துவதெப்படி? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மக்கானலும் அவரைச் சேர்ந்தோரும் 1984, 1985ஆம் ஆண்டுகளில் இதற்கு விடை கண்டனர். சின்னஞ்சிறு கொழுப்புக் குமிழிகளைத் தூய கண்ணாடியின்மேல் விட்டால், அவை உடைந்து ஒன்றோடொன்று கலந்து இரட்டைப் படலமாக விரிந்துவிடும்; படலத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே தங்கும் மெல்லிய நீர்த்தாள் அதன் ஓட்டத்தைக் காக்கும். ஒளிரும் சாயமேற்றிய படலத்தில் கடும் ஒளியால் ஓரிடத்துச் சாயத்தை ஒளிராதபடி வெளிறச் செய்தால், சற்று நேரத்தில் சுற்றிலுமுள்ள மூலக்கூறுகள் வந்து அவ்விருட்புள்ளியை நிரப்புவதைக் கண்ணாரக் காணலாம்.

பொக்கெல்ஸின் வரப்பு இங்கே மீண்டும் வந்தது. குரோவ்ஸ், உல்மன், பாக்ஸர் ஆகிய மூவர், மின்னணுச் சில்லுகளுக்குக் கோடிழுக்கும் அதே முறையால், சிலிக்கன் பரப்பில் பொன்னாலும் அலுமினிய ஆக்ஸைடாலும் நுண்ணிய கட்டங்கள் வரைந்து, அவற்றின்மேல் படலத்தை விரித்து, 1997இல் அதன் விளைவை வெளியிட்டனர். ஆட்டுப்பட்டிக்குள் ஆடுகள் போல, மூலக்கூறுகள் தத்தம் கட்டத்துக்குள் தடையின்றி உலவினவேயன்றி வரப்பைத் தாண்டவில்லை. பக்கவாட்டில் மின்புலம் செலுத்தினால், மின்னேற்றமுள்ளவை ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஓரமாய் ஒதுங்கின.

2005இல் பெர்க்லியில் குரோவ்ஸின் குழுவும் நியூயார்க்கில் டஸ்டினின் குழுவும் கூடி, குரோமியக் கோடுகளால் பட்டி கட்டிய படலத்தின்மேல் உடலின் காவற்படையான டி அணுக்களை இறக்கினர். அயலானை இனங்காணும் அவற்றின் ஏற்பிகள் வழக்கமாகத் தொடுமிடத்தின் நடுவே சென்று குவிபவை. இங்கோ அவை பற்றிக்கொண்ட படல மூலக்கூறுகளை வரப்பு மறித்ததால் ஓரத்திலேயே நின்றன, நின்றவை நெடுநேரம் சமிக்ஞை அளித்தன. ஏற்பி நிற்கும் இடமே அதன் செயலின் கால அளவை மாற்றுகிறது என்பதை, அணுவினுள் மருந்தெதுவும் செலுத்தாமல், வெறும் கோடுகளைக் கொண்டே காட்டியதை இத்துறையின் சிகரமென்றே நான் மதிக்கிறேன்.

லாங்மியூருக்கு நோபல் பரிசு கிடைத்த 1932ஆம் ஆண்டிலேயே, 70 வயதை எய்திய பொக்கெல்ஸுக்கு அவருடைய ஊரின் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. 1935இல் அவர் காலமானார். அந்தத் தகரத் தொட்டியின் வழிவந்த கருவியை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் லாங்மியூர் தொட்டி என்றே பெரும்பாலும் வழங்குகின்றனர். பொக்கெல்ஸ் தொட்டி என்று வழங்குவதே நியாயம்.