பருவமழை மீது விழுந்த பழி: ஓர் ஒட்டுப்பலகை விளிம்பின் வரலாறு

சாலையோரத்தில் நிற்கும் ஒட்டுப்பலகை அறிவிப்பு கெடத் தொடங்குவது அதன் முகத்திலிருந்து அன்று, விளிம்பிலிருந்து. வேரிலிருந்து நீரை மேலே கொண்டுசென்ற மரக்குழல்கள், மரம் பலகையான பின்னரும் வெட்டுமுனை வழியே நீரை ஈர்க்கின்றன. முழுமரப் பலகைக்கு இவ்வாறு திறந்த வாய் இரு முனைகளில் மட்டுமே உண்டு. ஒட்டுப்பலகையில் ஏடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கப்படுவதால், நான்கு விளிம்புகளிலும் சில ஏடுகளின் வாய் திறந்தே இருக்கும். முகத்துக்கு எத்தனை பூச்சு அடித்தாலும் விளிம்பை மூடாவிட்டால், ஒரு மழைக்காலத்திலேயே ஓரம் உப்பி ஏடுகள் பிரியத் தொடங்கிவிடும்.

அறிவிப்புப் பலகைக்கு இதனால் நேர்வது சில எழுத்துகளின் இழப்பு மட்டுமே. 1944இல் இந்தியாவில் இதே சிக்கல் விமானிகளின் உயிரோடு பிணைந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானிய டி ஹாவிலண்ட் நிறுவனம் உருவாக்கிய மஸ்கிட்டோ, பெரும்பகுதி மரத்தாலான போர்விமானம். பிர்ச் ஒட்டுப்பலகை ஏடுகளுக்கிடையே இலேசான பால்சா மரத்தை வைத்து ஒட்டியதே அதன் உடற்பகுதி. இறக்கைகளின் மேற்தோலும் பிர்ச் ஒட்டுப்பலகையே. அதன்மீது ஒட்டி மெழுகப்பட்ட பருத்தித் துணியின் பெயர் மடப்பொல்லம். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிப் பண்டகசாலை இருந்த, ஆந்திரத்து நரசாபுரம் அருகிலுள்ள மாதவாயபாலெம் என்னும் ஊர்ப்பெயரே ஆங்கில நாவில் அவ்வாறு திரிந்தது. இந்திய வானிலைக்கு ஒவ்வாதது என்று பின்னர் பேசப்பட்ட விமானம் ஓர் இந்திய ஊரின் பெயரைப் போர்த்தியிருந்தது.

1944இன் பிற்பகுதியில் கீழை நாட்டுப் போர்முனையில் மஸ்கிட்டோக்கள் சில அடுத்தடுத்து விபத்துக்குள்ளாயின. இறக்கையின் மேற்தோல் முதன்மை உத்தரத்திலிருந்து பெயர்ந்தெழுந்ததாக ஐயம் எழுந்தது. பாலிலிருந்து எடுக்கப்படும் கேசின் பசை வெப்பத்திலும் ஈரத்திலும் விரிசலுற்றது என்பது முதல் விளக்கம். ஹெர்வர்டு டி ஹாவிலண்ட் தலைமையில் இந்தியா வந்த குழு டிசம்பர் தொடக்கத்தில் அறிக்கை அளித்தது: குற்றம் பசையுடையதன்று, மழைக்காலத்தில் மரச்சட்டகம் சுருங்கியதே காரணம். ஹெர்வர்டு அந்நிறுவன நிறுவனரின் தம்பி என்பதை இங்கே மறந்துவிடலாகாது.

பின்னர் நடந்த விசாரணைகள் வேறு முடிவுக்கு வந்தன. மழைக்காலத்தையே காணாத விமானங்களிலும் அதே குறைகள் காணப்பட்டன. ஹாட்ஃபீல்டு, லீவ்ஸ்டன் ஆலைகளில் ஒட்டுவேலை செவ்வையாக நடைபெறவில்லை என்று அரசின் ஆய்வாளர்களே கண்டறிந்தனர். ஆயினும் விமானத்தின் மீதான நம்பிக்கை குலையாதிருக்க, வான்படை அமைச்சகம் முதல் அறிக்கையையே பற்றிக்கொண்டது. காரணம் பெரும்பாலும் தட்பவெப்பமே என்றது. குடியேற்ற ஆட்சி நோய்க்கும் சோம்பலுக்கும் காரணமாகக் காட்டிவந்த அதே தட்பவெப்பம் இங்கே ஆலையின் பிழையையும் சுமந்தது.

மழைக்குப் பங்கே இல்லை என்பதும் பொருந்தாது. இறுகப் பொருந்தாத இணைப்பு இங்கிலாந்தில் கண்ணுக்குத் தெரியாத இடுக்காகவே இருந்திருக்கலாம். வங்காளத்து ஈரம் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும். கையாண்ட தீர்வே இதற்குச் சான்று. இறக்கையின் நீளம் முழுவதும் தோல் இணைப்பின் மீது ஒட்டுப்பலகைப் பட்டை ஒன்று ஓட்டப்பட்டு, நீர் கசியும் வழி அடைக்கப்பட்டது. அறிவிப்புப் பலகையின் ஓரத்தில் சட்டம் அடித்து வண்ணம் ஊட்டும் தச்சரின் வேலையிலிருந்து இது தன்மையில் வேறானதன்று.

கேசினுக்கு மாற்றாக ஃபார்மால்டிஹைடு பசைகள் மஸ்கிட்டோவிலேயே இடம்பெற்றன. இன்று இந்தியாவில் கடற்தர ஒட்டுப்பலகைக்கான ஐஎஸ் 710 தரநிலையின்படி பசை 72 மணி நேரக் கொதிநீரைத் தாங்கவேண்டும். ஆனால் அச்சோதனை அளப்பது பசையின் பிடியையே. அந்தத் தரப் பலகையை அறுத்து வெளியில் நிறுத்தினாலும், அறுத்த விளிம்பின் மரக்குழல்கள் மழைநீரைக் குடித்துக்கொண்டுதான் இருக்கும்.