விலை கூடிய துப்பாக்கி நல்ல துப்பாக்கியா? ஒரு போர்க்காலக் கணக்கு



சென்ற வாரம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சுவாக்கில், "சார், துப்பாக்கிக்கு விலை அதிகம் கொடுத்தால் அது உசத்தியாகத்தான் இருக்குமா? நாங்கள் அங்கே அடிக்கடி இதைப் பேசிக்கொள்வோம்" என்று கேட்டார். நான் துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் இரண்டாம் உலகப்போரைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அந்தப் போரே இந்தக் கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அவரிடம் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஜான் தாம்சன் என்ற ராணுவ அதிகாரியின் பெயரால் 1921-இல் ஒரு துப்பாக்கி விற்பனைக்கு வந்தது. விசையை அழுத்திப் பிடித்தால் தோட்டாக்கள் தொடர்ந்து பாயும். இரும்புக் கட்டியைக் கடைந்து, இழைத்து, நல்ல மரப்பிடி போட்டுச் செய்தார்கள். விலை ஏறக்குறைய 200 டாலர். அக்காலத்தில் ஒரு ஃபோர்டு கார் 400 டாலர் அளவில் கிடைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் செய்த 15,000 துப்பாக்கிகளில் ஒரு பகுதி, 1939-இல் போர் தொடங்கும்போதும் விற்காமலே கிடந்தது.

1940-இல் நிலைமை தலைகீழானது. டன்கர்க் கடற்கரையிலிருந்து சுமார் 3,38,000 வீரர்களைப் பிரிட்டன் கப்பலேற்றி மீட்டது. ஆட்கள் தப்பினார்கள், பீரங்கிகளும் வண்டிகளும் ஏராளமான ஆயுதங்களும் அங்கேயே கிடந்தன. கால்வாயைத் தாண்டி ஹிட்லரின் படை எப்போது வருமோ என்ற அச்சம். அமெரிக்காவிடம் கைக்காசு கொடுத்துத் தாம்சன் துப்பாக்கிகளை வாங்கினார்கள். வாங்கியதிலும் ஒரு பகுதி, ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பலைத் தாக்கியதால் கடலுக்குள் போனது.

அப்போதுதான் ஷெப்பர்ட், டர்ப்பின் என்ற இருவர் என்ஃபீல்டு ஆயுதசாலையில் ஒரு மலிவுத் துப்பாக்கியை வடிவமைத்தார்கள். அதுதான் ஸ்டென். குழாயை வெட்டி, தகட்டை வளைத்து, வெல்டிங் வைத்தால் முடிந்தது. சிறு பட்டறைகளிலும் அதன் பாகங்கள் தயாராயின. ஒரு வகையைப் பொம்மை செய்யும் நிறுவனமே செய்து கொடுத்தது! விலை சுமார் 10 டாலர்தான்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு தாம்சன் விலைக்கு 20 ஸ்டென். இரண்டுமே கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடுபவை. இரண்டுமே நெருங்கி நின்று போரிடத்தான் உதவும். வீட்டு வாசலில் எதிரி நிற்கும்போது, ஒருவர் கையில் அழகான துப்பாக்கி இருப்பது நல்லதா, இருபது பேர் கையில் ஏதோ ஒன்று இருப்பது நல்லதா? ஆபத்துக்குப் பாவம் இல்லை என்று பிரிட்டன் ஸ்டென்னைத் தேர்ந்தெடுத்தது. ஏறக்குறைய 40 லட்சம் செய்தார்கள்.

தாம்சனும் சும்மா இருக்கவில்லை. குழல் மேலிருந்த குளிர்விக்கும் வரிகளை நீக்கினார்கள். உள்ளே இருந்த விசேஷப் பூட்டு அவசியமே இல்லை என்று தெரிந்து, அதையும் எடுத்தார்கள். 1944 வாக்கில் அதன் விலை சுமார் 45 டாலருக்கு இறங்கியது. சுடும் வேலையில் பெரிய குறை ஒன்றும் வரவில்லை. அப்படியானால் மீதி 150 டாலருக்குமேல் எதற்காகக் கொடுத்தார்கள்? பெரும்பாலும் கடைசல் வேலைக்கும் மெருகுக்கும்தான்.

"அப்போ மலிவுதான் சார் ஜெயித்தது" என்றார் மாணவர். "பொறு தம்பி, பாதிதான் சொல்லியிருக்கிறேன்" என்றேன்.

ஸ்டென்னில் இரண்டு குறைகள் இருந்தன. கீழே விழுந்தால் தானாகச் சுட்டுவிடும் அபாயம் ஒன்று. மற்றொன்று மேகசின், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டி. இரண்டு வரிசையாக ஏறும் தோட்டாக்கள் வாயருகே ஒரே வரிசையாக நெருக்கிக்கொண்டு வர வேண்டும். கொஞ்சம் தூசி போனாலும், வாய் சற்று நெளிந்தாலும் சிக்கிக்கொள்ளும். 32 தோட்டா கொள்ளும் பெட்டியில் வீரர்கள் இரண்டு மூன்றைக் குறைத்தே போடுவார்கள்.

1942 மே 27. பிராக் நகரில் ஒரு சாலைத் திருப்பம். நாஜித் தலைவர் ஹைட்ரிக்கின் கார் வேகம் குறைந்து திரும்பியது. யோசெப் கப்சீக் என்ற வீரர் எதிரே நின்று ஸ்டென்னின் விசையை அழுத்தினார். சுடவில்லை. உடனிருந்த யான் குபிஷ் வீசிய குண்டால்தான் ஹைட்ரிக் காயமடைந்து, ஜூன் 4-இல் இறந்தார். அந்த ஒரு கணத்தில் கப்சீக்கின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! துப்பாக்கியின் விலையைத் தீர்மானித்தவர்கள் எங்கோ அலுவலகத்தில் இருந்தார்கள். சுடாத துப்பாக்கியோடு சாலையில் நின்றவர் அவர்.

பிரிட்டன் பாடம் கற்றது. ஜார்ஜ் பாட்செட் வடிவமைத்த ஸ்டெர்லிங்கை 1953-இல் ராணுவத்தில் ஏற்றார்கள். ஸ்டென்னை விட விலை கூடியதுதான். ஆனால் கூடுதல் பணம் மெருகுக்குப் போகவில்லை. வளைந்த மேகசின், தோட்டா தடையின்றி ஏற உள்ளே சிறு உருளைகள் என்று, முன்பு சிக்கிய இடத்துக்கே போனது. நம் நாட்டிலும் கான்பூர் தொழிற்சாலையில் இதே துப்பாக்கியைச் செய்தார்கள்.

மாணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சார், நாங்கள் கார்பைன் என்போமே, அதுதானே! நான் தூக்கியிருக்கிறேன். பணிக்குப் போகுமுன் முதலில் மேகசினைத்தான் பார்ப்பேன்" என்றார்.

ஆகவே பிள்ளைகளே, விலை கூடியதா என்று மட்டும் கேட்காதீர்கள். கூடுதல் பணம் எந்தப் பாகத்துக்குப் போகிறது என்று கேளுங்கள். பார்வைக்குப் போனால் அது வீண். ஆபத்து நேரத்தில் கைவிடக்கூடிய பாகத்துக்குப் போனால், அங்கே மிச்சம் பிடிப்பதுதான் வீண். அந்த மிச்சத்தின் விலையைக் கடைசியில் கொடுப்பவர், அதைக் கையில் பிடித்து நிற்பவர்.

அடுத்த பதிவில் சந்திப்போம். பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், மகிழ்வேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்