ஒரு விநாடி மூச்சின் கதை

“மாடிப்படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்கும். காலையில் நாலு இருமல் வரும். வயதாகிவிட்டதல்லவா!” பல ஆண்டுகள் சிகரெட் புகைத்தவர்கள் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். புகைப்பதை விட்டு நாளானவர்களும் இதையே சொல்வதுண்டு. உண்மையில் அது வயதா, நோயா? அதைப் பிரித்துச் சொல்ல ஓர் எளிய ஊதும் சோதனை இருக்கிறது. அது நம் கைக்கு வந்து சேர்ந்த கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஆண்டு 1846. லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் தாம் உருவாக்கிய ‘ஸ்பைரோமீட்டர்’ கருவியைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். தண்ணீரில் கவிழ்த்து வைத்த ஒரு பாத்திரம். குழாய் வழியாக ஊதினால், வெளிவரும் காற்றின் அளவுக்கு ஏற்ப அது மேலே எழும்பும். அவ்வளவுதான் கருவி. மாலுமிகள், காவலர்கள், தீயணைப்பாளர்கள், குத்துச்சண்டை வீரர்கள், ஏழை எளியவர்கள் என 2,000க்கும் மேற்பட்டோரை அவர் ஊத வைத்தார். உயரம் கூடினால் காற்றின் அளவு கூடுகிறது, வயது ஏறினால் குறைகிறது என்று கண்டார். இன்றும் சோதனைக்கு முன் நம் உயரத்தையும் வயதையும் கேட்பது அதனால்தான்.

அவர் தேடியது புகையின் பாதிப்பை அல்ல, காசநோயை. ஃப்ரீமன் என்ற அமெரிக்கக் குத்துச்சண்டை வீரரை 1842இல் அவர் சோதித்தார். ஆஜானுபாகுவான மனிதர். சில ஆண்டுகளில் அவருடைய மூச்சின் அளவு வெகுவாகக் குறைந்தது. 1845இல் அவர் காசநோயால் இறந்தார். உடலின் தோற்றத்தை நம்பாதே, மூச்சை அளந்து பார் என்பதே ஹட்சின்சன் சொன்ன பாடம். ஆயுள் காப்புறுதி நிறுவனங்களுக்கும் இது பயன்படும் என்று அவர் நம்பினார்.

ஆனால் அந்தக் கருவியில் ஒரு குறை இருந்தது. மொத்தம் எவ்வளவு காற்று வருகிறது என்பதை மட்டுமே அது காட்டியது. எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைக் காட்டவில்லை. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கலாம். குழாய் அடைத்திருந்தால் சொட்டுச் சொட்டாகத்தானே வரும்? சிகரெட் புகை நுரையீரலுக்குச் செய்வதும் அதுதான். மூச்சுக்குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. அவகாசம் கொடுத்தால் நோயாளி ஏறக்குறைய முழுக் காற்றையும் ஊதிவிடலாம். வேகமாக ஊதச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும்.

இந்த முடிச்சை அவிழ்க்க நூறு ஆண்டுகள் ஆயின. 1947இல் பிரான்சில் திஃப்னோ, பினெல்லி என்ற இருவர், முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளிவருகிறது என்று அளக்கும் முறையை முன்வைத்தார்கள். மூச்சை முழுமையாக இழுத்து, ஒரே மூச்சாகப் பலம் கொண்ட மட்டும் ஊத வேண்டும். ஊதிய மொத்தக் காற்றில் முதல் விநாடியின் பங்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது 70 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கலாம் என்று மருத்துவர்கள் இன்று கருதுகிறார்கள்.

அடுத்து வருபவர் சார்ல்ஸ் ஃப்ளெட்சர். தொலைக்காட்சியில் பணிபுரியும் எனக்கு இவர்மீது தனி மரியாதை உண்டு. 1958இல் பிபிசியில் ஒளியேறிய ‘உங்கள் உயிர் அவர்கள் கையில்’ என்ற பொருள்படும் தொடரை வழிநடத்திய மருத்துவர் இவர். மருத்துவமனையில் நடப்பதைப் பொதுமக்களுக்குக் காட்டிப் பயமுறுத்துகிறார் என்று சக மருத்துவர்களிடமே கண்டனம் வாங்கினார். ஆனாலும், மக்களுக்கு உண்மையைப் புரியும்படி சொல்ல வேண்டும் என்பதில் அவர் பின்வாங்கவில்லை. புகைப்பழக்கத்தின் கேடுகளை விளக்கி 1962இல் லண்டன் அரச மருத்துவர் கல்லூரி வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கையைத் தயாரித்த குழுவுக்கும் அவரே செயலாளர்.

அதற்கு முந்தைய ஆண்டிலேயே அவர் லண்டனில் வேலை செய்யும் ஆண்களைத் தொடர்ந்து சோதிக்கும் ஆய்வைத் தொடங்கியிருந்தார். 792 பேரின் மூச்சை எட்டு ஆண்டுகள் திரும்பத் திரும்ப அளந்தார்கள். ரிச்சர்ட் பீட்டோ என்ற புள்ளியியலாளருடன் சேர்ந்து 1977இல் அவர் வெளியிட்ட முடிவு இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது.

அவர்கள் கண்டது என்ன? வயது ஏற ஏற எல்லாருக்கும் மூச்சு மெல்லக் குறைகிறது. புகைப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு அது மளமளவென்று சரிகிறது. சரிந்தது திரும்பி வராது. ஆனால் புகைப்பதை நிறுத்தினால், அதற்குப் பிறகு குறையும் வேகம் புகைக்காதவரின் வேகத்துக்கு வந்துவிடுகிறது. 45 வயதில் விட்டவருக்கும் லாபம், 65 வயதில் விட்டவருக்கும் லாபம். “கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?” என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஃப்ளெட்சரின் வரைபடம் சொல்லும் பதில்: மிச்சமிருக்கும் பார்வையையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

1994இல் வெளிவந்த ஓர் அமெரிக்க, கனடிய ஆய்வும் இதை உறுதிப்படுத்தியது. அதில் பங்கேற்றவர்கள், அடைப்பு லேசாகத் தொடங்கியிருந்த 5,887 புகைப்பவர்கள்.

சரி, எண்ணைச் சொன்னால் மனிதன் திருந்திவிடுவானா? 2008இல் இங்கிலாந்தின் ஹார்ட்ஃபர்ட்ஷயரில் 561 புகைப்பவர்களிடம் இதைச் சோதித்தார்கள். எல்லாரும் ஊதினார்கள். பாதிப் பேருக்கு வெறும் அளவை மட்டும் தெரிவித்தார்கள். மீதிப் பேருக்கு, “உங்கள் நுரையீரலின் வயது இத்தனை” என்று விளக்கினார்கள். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால், முதல் பிரிவில் 6.4 விழுக்காட்டினரும் இரண்டாவது பிரிவில் 13.6 விழுக்காட்டினரும் புகைப்பதை விட்டிருந்தார்கள். சோதனை ஒன்றுதான், சொன்ன விதம்தான் வேறு. நல்ல முடிவு வந்தவர்களும் மோசமான முடிவு வந்தவர்களைப் போலவே விட்டிருந்தார்கள் என்பது இன்னும் வியப்பு. ஃப்ளெட்சர் பிடிவாதமாக நின்ற இடம் சரியான இடம்தான் என்று தோன்றுகிறது.

இந்தச் சோதனைக்கு எல்லைகளும் உண்டு. இது நுரையீரல் புற்றுநோயைக் கண்டுபிடிக்காது. முடிவு நன்றாக வந்தால் தொடர்ந்து புகைக்கலாம் என்று அனுமதி கிடைத்ததாகவும் பொருளில்லை. அறிகுறியே இல்லாத எல்லாரையும் ஊதச் சொல்வதை அமெரிக்க நோய்த்தடுப்பு நிபுணர் குழு 2022இலும் பரிந்துரைக்கவில்லை. ஆனால் இருமல், சளி, படியேறும்போது இரைப்பு ஆகியவற்றில் ஏதாவது இருந்து, நீங்கள் இன்றோ முன்போ புகைத்தவராகவும் இருந்தால், கதை வேறு.

அப்படிப்பட்ட அப்பா, மாமா, அண்ணன் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், கிளினிக்குக்கு அழைத்துச் சென்று அவர் எவ்வளவு காலம் புகைத்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஊதும் சோதனை தேவையா என்று கேளுங்கள். முடிவு வந்ததும், “இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், டாக்டர்?” என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புகைப்பதை நிறுத்த உதவும் சேவை அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகளில் உண்டு. போன மூச்சு திரும்பாது. இருக்கும் மூச்சையாவது காத்துக்கொள்வோம்.