கணக்கு வாத்தியார் நூலகத் தந்தையான வரலாறு



“கணக்குப் படிச்சவன் கணக்குத்தானே பார்க்கணும்? வேற எதுக்கு அது உதவும்?” என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. அப்படிக் கேட்பவர்கள் எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களின் வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டும்.

அவர் 1892-இல் தமிழ்நாட்டின் சீர்காழியில் பிறந்தார். ஆறு வயதில் தகப்பனாரை இழந்தார். பேசும்போது வாய் திக்கும். ஆயினும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, மங்களூர், கோவை, சென்னைக் கல்லூரிகளில் ஆசிரியரானார். கணித வரலாறு பற்றிக் கட்டுரைகளும் எழுதினார்.

1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சம்பளம் அதிகம்தான், ஆனால் மனம் ஒட்டவில்லை. பழைய வேலைக்கே திரும்பிவிட எண்ணினார். லண்டன் சென்று படித்துவந்த பின் முடிவு செய்யலாம் என்று அவரை அனுப்பிவைத்தார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில தகடுகள், சில திருகாணிகள். அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் எத்தனையோ பொம்மைகள்! நூல்களையும் இப்படிப் பகுக்கலாமே என்று அந்தக் கணித மூளை கணக்குப் போட்டது.

நம் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் மரத்து நோய்க்கு மலேசியாவில் செய்யும் மருத்துவம் பற்றி ஒரு நூல் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். மரம், நோய், மருத்துவம், நாடு, காலம் என்று பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறியீடு கொடுத்து, முக்காற்புள்ளி போன்ற குறிகளால் இணைத்தால் நூலின் இடம் தெரிந்துவிடும். இதுவே 1933-இல் வெளிவந்த ‘கோலன் பகுப்பு முறை’. அதற்கு முன்பே, 1931-இல், நூலகத்திற்கு ஐந்து விதிகளை வகுத்து நூலாக்கியிருந்தார். புத்தகம் பயன்படுவதற்கே என்பது முதல் விதி. 1967-இல் கணித மேதை ராமானுஜனைப் பற்றியும் நூல் எழுதினார். பழைய பாசம் விட்டுப் போகுமா!

1931-இலேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். அந்த நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவர் இவரே. இவருடைய இடைவிடாத முயற்சியால் 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. 1972-இல் மறைந்தார்.

பெற்றோர்களே! சிரம்பானில் இருந்தாலும் பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தாலும், பிள்ளை படிக்கும் எந்தப் பாடமும் வீண் போகாது. ஒன்றில் பழகிய மூளை இன்னொன்றில் வழி காணும். அதற்குப் புத்தகம் கைக்கு எட்ட வேண்டும். “கிழிஞ்சிடும்”னு பயந்து அலமாரியைப் பூட்டி வைக்காதீர்கள். கிழிந்த புத்தகத்தை ஒட்டிக்கொள்ளலாம். படிக்காமல் போன வயதை எதைக் கொண்டு ஒட்டுவது?

வளர்க கல்வி! வாழ்க தமிழ்!