குடத்துக்குள் கைவிட்ட சிறுவன்

மதுரை சிம்மக்கல்லில் எங்கள் பெரியம்மா ஒருவர் குலுக்கல் சீட்டு நடத்திவந்தார். இருபது துண்டுச் சீட்டு, ஒரு பித்தளைச் செம்பு, தெருவில் விளையாடும் ஒரு பொடியன். ஏற்பாடு அவ்வளவுதான். பேரன் கம்ப்யூட்டர் வாங்கியதும் செம்பு பரணுக்குப் போய்விட்டது. எக்ஸெலில் பெயர்களுக்குப் பக்கத்தில் 'ராண்ட்' ஃபங்ஷன். யாருக்குப் பெரிய எண் விழுகிறதோ அவருக்குப் பணம்.

முதல் மாதமே ஓர் அக்கா கேட்டார்: "ஏன் தம்பி, இந்தப் பொட்டி ஓரவஞ்சனை பண்ணாதுன்னு என்ன நிச்சயம்?"

பி.காம். படித்த நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

கம்ப்யூட்டருக்குத் தாயம் உருட்டத் தெரியாது. ஓர் எண்ணை எடுத்துப் பெருக்கி, வகுத்து, மிச்சத்தை நீட்டும். அதிலிருந்து அடுத்த எண். ஆரம்பம் தெரிந்தால் வரிசை முழுக்கத் தெரிந்துவிடும். தற்செயல் போல ஒரு நடிப்பு!

எக்ஸெலில் அந்த நடிப்பு ரொம்ப நாள் சுமார்தான். பழைய பதிப்புகளின் 'ராண்ட்' தரப் பரிசோதனைகளில் தேறவில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டது. 2003 பதிப்பில், விக்மன், ஹில் என்ற இருவர் 1982-ல் சொன்ன முறைக்கு மாறினார்கள். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே வரவேண்டிய எண், மைனஸில் வந்து நின்றது! அதைத் திருத்தினார்கள். 2008-ல் மெக்கல்லோ என்ற ஆய்வாளர், 'இது விக்மன்-ஹில் முறையே இல்லை' என்று காட்டினார். 2010 பதிப்பில்தான், ஜப்பானியர்கள் மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் உருவாக்கிய 'மெர்சென் ட்விஸ்டர்' வந்தது. உலகம் மதிக்கும் முறை அது.

லட்சக்கணக்கில் எண் கேட்கிறவர்களுக்குத்தான் அந்தப் பழைய கோளாறெல்லாம் தலைவலி. இருபது பேர் சீட்டுக்கு உறைக்காது.

அப்படியென்றால் அக்காவின் சந்தேகம் தீர்ந்ததா? அதுதான் இல்லை. எஃப்9 பொத்தானைத் தட்டினால், ஏன், வேறொரு கட்டத்தில் எதையாவது டைப் அடித்தாலே எல்லா எண்ணும் மாறிவிடும். வேண்டிய பெயர் வரும்வரை தட்டிக்கொண்டே இருக்கலாம். யார் பார்த்தார்கள்?

இந்த 'யார் பார்த்தார்கள்' நம் ஊரில் ரொம்பப் பழைய கேள்வி. மதுரை மருதன் இளநாகனார் அகநானூற்றின் 77-ம் பாட்டில் ஓர் உவமை சொல்கிறார். கயிற்றால் கட்டிய குடத்தின் முத்திரையைச் சரிபார்த்த பிறகே ஓலையை வெளியே எடுக்கிறார்கள் அதிகாரிகள். குடத்தில் சீல்!

அடுத்து உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள். ஊரில் முப்பது குடும்பு, அதாவது வார்டு. நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமணர்களின் சபை அது. எல்லோருக்கும் ஓட்டு என்று கற்பனை வேண்டாம். ஆனால், குலுக்கிய நேர்த்தியைப் பாருங்கள்.

சிறியவர் பெரியவர் அத்தனை பேரும் கூடவேண்டும். மூத்த நம்பி ஒருவர் எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிக் காட்டுவார். விவரமறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அந்த ஓலைகளை வேறு குடத்தில் போட்டுக் குலுக்க, அதிலிருந்து அவன் ஒன்றை எடுப்பான். வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்தவேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளியக் கூடாதே! அவர் வாசித்ததும், அங்குள்ள நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசிப்பார்கள்.

குடத்தைக் குலுக்குவது பாதி வேலை. மீதிப் பாதி, கையைக் கண்காணிப்பது. எக்ஸெல்காரர்கள் முதல் பாதியைச் சரிசெய்யவே பல வருடம் ஆயிற்று. இரண்டாவது பாதியை எந்தக் கம்பெனியும் நமக்குச் செய்துதராது.

பெரியம்மா வீட்டில் அப்புறம் முறை மாறியது. கூடத்தின் நடுவே கம்ப்யூட்டர். சுற்றிலும் இருபது பேர். எஃப்9 ஒரே ஒரு தட்டு. தட்டிய கையோடு எண்களை காப்பி செய்து வெறும் மதிப்பாக ஒட்டிவிடுவான் பேரன். அதற்குப் பிறகு அவை மாறாது. பெயரைச் சத்தமாக வாசிப்பது அந்தச் சந்தேகக்கார அக்கா.

தட்டுவது மட்டும் பழையபடி தெருப் பொடியன்தான்.