நேத்து வரைக்கும் ஓடுச்சு மாமா

2019 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை இரவு. புனேயில் எங்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா மகன் பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தான். தட்டில் தோசை ஆறிக்கொண்டிருக்க, லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னடா என்று கேட்டதற்கு வந்த பதில்தான் தலைப்பு.

“நேத்து வரைக்கும் ஓடுச்சு மாமா. இன்னைக்குக் காலைல இருந்து பில்ட் ஆகல. சத்தியமா நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடல.”

வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம். ப்ரொபேஷன். மொபைல் ஆப் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி. வியாழக்கிழமை வாடிக்கையாளருக்குப் புதிய ஆப் போக வேண்டும். பக்கத்து இருக்கைக்காரரின் கணினியில் அதே கோடு பில்ட் ஆகிறது, இவன் கணினியில் மட்டும் ஆகவில்லை. அப்புறம் என்ன, ‘நீதான் எதையோ நோண்டிவிட்டாய்’ என்று டீம் லீடர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த கணினி, கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருக்கும் கணினி மட்டும்தான். ஆனால் அந்த வாக்கியம் எனக்குப் புதிதில்லை. நானும் ஒரு காலத்தில் அதையே சொல்லியிருக்கிறேன். வாயால் இல்லை, எழுத்து மூலமாக, இரண்டு நகல்களுடன். கொஞ்சம் கொசுவத்தி சுற்றுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிளையில் நான் கிளார்க். எல்லாக் கிளைகளையும் ஒரே வலையில் கோர்க்கும் கோர் பேங்கிங்குக்கு மாறப் போகிறோம், அதற்கு முன்னால் வாடிக்கையாளர்களின் கையெழுத்துகளை எல்லாம் ஸ்கேன் செய்து முடிக்க வேண்டும் என்று உத்தரவு. கிளையில் இருந்த ஒரே தனிக் கணினி விண்டோஸ் 98. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமைக் கணக்கை மேலிடத்துக்கு அனுப்புவோமே, அந்த அறிக்கையைத் தயாரிக்கும் மென்பொருளும் அதே கணினியில்தான். ஸ்கேனர் மென்பொருளின் சிடியைப் போட்டேன். பாதியில் ஒரு பெட்டி வந்தது. நகல் எடுக்கப்படும் கோப்பு ஏற்கெனவே இருப்பதைவிடப் பழையது, இருப்பதையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டது. தொலைபேசியில் இருந்த ஸ்கேனர் ஆள் ‘எல்லாத்துக்கும் நோ குடுங்க சார்’ என்றார். கொடுத்தேன். ஸ்கேனர் ஓடியது. வெள்ளிக்கிழமை அறிக்கை ஓடவில்லை. என்னமோ ஒரு டி.எல்.எல். கோப்பில் என்னமோ ஒரு எண்ணைக் காணோம் என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

அந்த வெள்ளி அறிக்கை போகவில்லை. திங்கட்கிழமை எனக்கு மெமோ. ‘இனிமேல் கவனமாக இருப்பேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அது இன்றைக்கும் என் சர்வீஸ் ஃபைலில் தூங்குகிறது.

நிற்க. டி.எல்.எல். என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. பின்னாளில் நானே படித்துத் தெரிந்துகொண்டது இது. ஒரு பட்டன் வரைவது, ஒரு எழுத்தைத் திரையில் காட்டுவது மாதிரி எல்லா மென்பொருளுக்கும் பொதுவான வேலைகளை ஆளாளுக்கு எழுதாமல், ஒருவர் எழுதி வைத்ததை எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் லைப்ரரி. 80களிலும் 90களிலும் நினைவகமும் ஹார்ட் டிஸ்க்கும் பொன் விலை. ஆகவே விண்டோஸில் ஒரே ஒரு பிரதியைப் பொதுக் கிட்டங்கியில், அதாவது சிஸ்டம் ஃபோல்டரில், போட்டு வைத்தார்கள். தெருக்குழாய் மாதிரி. புதிதாக வருகிற மென்பொருள் தன்னுடைய பழைய பிரதியை அதன்மேல் போட்டு அமுக்கிவிட்டால், ஏற்கெனவே குடியிருப்பவனுக்குத் தண்ணீர் வராது. இதற்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் ‘டி.எல்.எல். நரகம்’. 2000இல் வந்த விண்டோஸ் 2000 தன் முக்கியக் கோப்புகளை யாராவது மாற்றினால் தானே திரும்பப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ள வழி செய்தது. எங்கள் கிளைக்கு 2005இலும் இரண்டுமே வந்து சேரவில்லை. அரசு வங்கியில் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது :-)

ஆண்ட்ராய்டின் கதை ஜாவா மொழியில் தொடங்குகிறது. ஜாவாவில் லைப்ரரிகள் ‘ஜார்’ என்ற பொட்டலமாக வரும். அதே பெயரில் இரண்டு இருந்தால் வரிசையில் முன்னால் நிற்பது செல்லும், பின்னால் இருப்பதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எது முன்னால் நிற்கிறது என்பது பல நேரங்களில் குருட்டு அதிர்ஷ்டம். 2005இல் வந்த மேவன் 2 இதற்கு ஒரு ஒழுங்கு கொண்டுவந்தது. எனக்கு இன்ன லைப்ரரி, இன்ன பதிப்பு வேண்டும் என்று எழுதி வைத்தால் போதும். அதுவே இணையத்தில் இருந்து எடுத்து வரும். அந்த லைப்ரரிக்கு வேறு லைப்ரரிகள் தேவையென்றால் அவற்றையும், அவற்றுக்குத் தேவையானவற்றையும் சேர்த்து எடுத்து வரும். ஒருவரைக் கல்யாணத்துக்கு அழைத்தால் அவர் சம்பந்தி வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வருவது மாதிரி. நாலு பெயர் எழுதிய இடத்தில் நாற்பது பேர் பந்தியில் இருப்பார்கள்.

நாற்பது பேரில் இருவர் ஒரே லைப்ரரியின் வெவ்வேறு பதிப்பைக் கேட்டால்? மேவன் உறவைப் பார்க்கும். ஆப்புக்கு நெருக்கமான உறவு எதைக் கேட்கிறதோ அதுதான், தேதியைப் பார்க்காது. தாய்மாமன் சொன்னால் சொன்னதுதான். 2012இல் 1.0 பதிப்பாக வந்த கிரேடில் தேதிக்காரன். இருப்பதில் புதிய பதிப்பு எதுவோ அதை எடுத்துக்கொள்ளும். எங்கள் வங்கியில் இரண்டு சர்குலர் முரண்பட்டால் பிந்தையது செல்லும் என்பது போல. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ 2013இல் அறிவிக்கப்பட்டபோது, கூகுள் கிரேடிலைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு முன்பு எக்லிப்ஸ் காலத்தில், ஜார்களை ஒரு ஃபோல்டருக்குள் கையால் நகல் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நம் பையனைக் கவிழ்த்த விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஆண்ட்ராய்டில் புதிய பதிப்பு வந்தாலும் பழைய போன்களுக்கு அது போய்ச் சேராது. நம் ஊரில் ஐயாயிரம் ரூபாய் போன் வாங்கியவர், வாங்கும்போது இருந்த ஆண்ட்ராய்டோடுதான் அந்த போனின் ஆயுள் முழுக்க இருந்தார். புதிய வசதிகளைப் பழைய போனிலும் காட்டுவதற்காகக் கூகுள் 2011இல் சப்போர்ட் லைப்ரரி என்று ஒன்றைக் கொடுத்தது. வி4, வி7 என்று பெயர்கள். வி4 என்றால் ஆண்ட்ராய்டு 1.6 வரை பழைய போனில் ஓடும், வி7 என்றால் 2.1 வரை என்று பொருள். காலப்போக்கில் அந்தப் பழைய போன்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன, எண்கள் மட்டும் அர்த்தமில்லாமல் நின்றன. அதைவிடப் பெரிய தலைவலி, அந்தக் குடும்பத்தின் எல்லா உறுப்பினர்களும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. ஒன்று 27, இன்னொன்று 26 என்று இருந்தால் எச்சரிக்கை வரும், சில சமயம் ஆப்பே விழும்.

2018 மே மாதம் கூகுள் ஒரு முடிவெடுத்தது. மொத்தக் குடும்பத்துக்கும் புதுப் பெயர், ஆண்ட்ராய்டு-எக்ஸ். ஒவ்வொன்றும் 1.0.0இல் இருந்து தனித்தனியாகப் பதிப்பு எண் போட்டுக்கொள்ளும். 2018 செப்டம்பரில் பழைய பெயரில் கடைசியாக 28.0.0 வந்தது. அதே சரக்கு புதுப் பெயரில் 1.0.0 ஆகவும் வந்தது. நல்ல முடிவுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெயரை மாற்றியதால் ஒரு விபரீதம் ஆனது. கிரேடிலின் ‘பிந்தைய தேதி செல்லும்’ விதி, ஒரே பெயருக்குள்தான் வேலை செய்யும். பெயர் வேறாகிவிட்டால் இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்று நினைத்து இரண்டையுமே உள்ளே விட்டுவிடும். ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு கஸ்டமர் ஐடி விழுந்த கதை! வங்கிக்காரர்களுக்கு இந்த வலி புரியும். கணினி பாட்டுக்குச் சந்தோஷமாக இருக்கும், வாடிக்கையாளர்தான் தெருவில் நிற்பார்.

உள்ளே போன இருவரும் ஆப்பின் ஒரே நாற்காலியில் உட்காரப் பார்ப்பார்கள். ஒரு உறையில் இரண்டு கத்தி. பில்ட் நின்றுவிடும்.

இதெல்லாம் ஒன்பது மாதங்கள் சத்தமில்லாமல் கிடந்தது. 2019 ஜூன் 17, திங்கட்கிழமை, கூகுள் தன்னுடைய ப்ளே சர்வீசஸ், ஃபயர்பேஸ் லைப்ரரிகளை எல்லாம் ஒட்டுமொத்தமாக ஆண்ட்ராய்டு-எக்ஸுக்கு மாற்றி வெளியிட்டது. பழையதோடு ஒத்துப்போகாத பெரிய மாற்றம் என்று குறிப்பிலேயே எழுதியிருந்தார்கள். முறைப்படி பதிப்பின் முதல் எண்ணையும் ஏற்றியிருந்தார்கள். அவர்கள் பக்கம் கணக்கு சரி.

பிரச்சினை வேறு இடத்தில். எங்கள் பையன் கம்பெனி ஆப், ரியாக்ட் நேட்டிவில் எழுதியது. அதற்காக யார் யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த லைப்ரரிகள் ஏகப்பட்டவை உண்டு. அவற்றில் பலவற்றில், கூகுள் லைப்ரரியின் பதிப்பு எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். ‘எது புதிதோ அதைக் கொண்டு வா’ என்று அர்த்தம். தேதியும் தொகையும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த செக் அது. திங்கட்கிழமை யாரோ அந்தச் செக்கில் தொகையை எழுதினார்கள். கூட்டல் குறி போட்டவர்களின் ஆப்கள் உலகம் முழுக்கப் படுத்தன.

இதை இரவு ஒரு மணிக்குப் பையன் இணையத்தில் கண்டுபிடித்தான். அவனைப் போலவே நூற்றுக்கணக்கானவர்கள் அதே பிழையை ஒட்டிவைத்துப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. பக்கத்து இருக்கைக்காரருக்கு மட்டும் எப்படி ஓடியது?

விடை கிரேடிலின் இன்னொரு பழக்கத்தில் இருந்தது. கூட்டல் குறியைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் அது இணையத்துக்கு ஓடாது. ஒருமுறை கேட்ட பதிலை 24 மணி நேரம் வைத்துக்கொள்ளும். இவன் கணினி கடைசியாகக் கேட்டது திங்கள் காலை பத்து மணி. செவ்வாய் காலை பத்துக்குக் கெடு முடிந்து மறுபடி கேட்டது, புதியது வந்து இறங்கியது. பக்கத்துக்காரர் கடைசியாகக் கேட்டது திங்கள் மாலை ஏழு மணி. செவ்வாய் ஆறரைக்கே அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஒன்பது மணி நேர வித்தியாசத்தில் ஒருவர் யோக்கியர், ஒருவன் குற்றவாளி. “நாளைக்குக் காலைல அவருக்கும் நிக்கும் மாமா” என்றான்.

‘இனிமேல் கவனமாக இருப்பேன்னு எழுதிக் கொடுத்துடாதே’ என்றேன். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எந்த லைப்ரரியில் எந்த வரி, நாளைக்கு என்ன நடக்கும், எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்குள் எழுது, இப்போதே மெயில் அனுப்பு, காலையில் அனுப்பினால் மதிப்பில்லை என்றேன். இரவு இரண்டு மணிக்கு மெயில் போனது. மாமனும் மருமகனுமாக ஆறிப்போன தோசையைச் சாப்பிட்டோம்.

புதன் காலை பக்கத்துக்காரர் கணினியும் நின்றது. மதியத்துக்குள் எல்லார் கணினியும். பிறகு பையன்தான் கூட்டல் குறிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, அந்த இடத்தில் பழைய பதிப்பின் எண்ணை எழுதி வியாழனுக்குள் ஆப்பை அனுப்பினான். முறையான சிகிச்சை, எல்லாரும் ஆண்ட்ராய்டு-எக்ஸுக்கு மாறுவது. பழைய பெயரில் எழுதிய லைப்ரரிகளுக்குள் புகுந்து புதுப் பெயராக மாற்றிவிடும் ஜெட்டிஃபையர் என்ற கருவியைக் கூகுளே கொடுத்திருந்தது. அடுத்த மாதம், 2019 ஜூலையில், ரியாக்ட் நேட்டிவ் 0.60 ஆண்ட்ராய்டு-எக்ஸுக்கு மாறியது. அதற்குப் பிறகு அவர்களும் மாறினார்கள்.

இதற்கு மூன்று வருடம் முன்பே, 2016 மார்ச்சில், லெஃப்ட்-பேட் என்ற பதினொரு வரி லைப்ரரியை அதை எழுதியவர் கோபித்துக்கொண்டு எடுத்துவிட, ஜாவாஸ்கிரிப்ட் உலகம் சில மணி நேரம் ஸ்தம்பித்தது. அது பத்திரிகைகளில் வந்தது. ஜூன் 17 வரவில்லை. கிரேடிலும் 2018இலேயே பதிப்புகளைப் பூட்டி வைக்க வசதி கொடுத்திருந்தது. அந்தப் பூட்டைப் பற்றி அந்தக் கம்பெனியில் அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை, டீம் லீடர் உட்பட.

எல்லார் முன்னாலும் சொன்னவர், எல்லார் முன்னாலும் திருப்பிச் சொன்னாரா என்று கேட்பீர்கள். இல்லை. மெயிலுக்கு ‘நோட்டட்’ என்று ஒரு வார்த்தை பதில் வந்தது. ஆகஸ்டில் ப்ரொபேஷன் முடிந்து வேலை நிரந்தரமானது. ஒரு வருடம் கழித்து வேறு வேலை பார்த்துக்கொண்டு ஹைதராபாத் போய்விட்டான்.

மறுநாள் அக்கா போன் செய்தபோது, “என்ன தம்பி, அவன் குரலே சரியில்லையே” என்றாள். வேலை கொஞ்சம் ஜாஸ்திக்கா என்று மட்டும் சொன்னேன்.