மூச்சு, கூத்து, ஒப்பாரி: மன்னாரில் இருந்து ஒரு வாசிப்பு

மனநல சிகிச்சை என்றதும் எங்களில் பலருக்கு மாத்திரைதான் ஞாபகம் வரும். கலை, யோகாசனம், தியானம் எல்லாம் சுனாமிக்குப் பிறகு நிறுவனங்கள் கொண்டுவந்தவை என்றொரு எண்ணமும் எங்கட தலைமுறையிட்ட இருக்கு. ஆனால் வடக்கின் போர்க்கால மருத்துவ வரலாறு வேற கதை சொல்லுது.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வேலைசெய்த மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். ‘மனவடு’ என்ற தமிழ் நூலை எழுதியவர். அவரிடம் வந்த சனம் “எனக்கு மனம் சரியில்லை” என்று சொல்லி வரவில்லை. நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்குது, உடம்பெல்லாம் நோகுது என்றுதான் வந்தார்கள். மருந்துக்குத் தட்டுப்பாடு. பயிற்சி பெற்ற ஆட்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். எனவே அவர் சனத்துக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றை எடுத்தார்: மூச்சுப்பயிற்சி, சாந்தியாசனம், செபம், தியானம். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் உருவாக்கிய தசைத் தளர்வுப் பயிற்சியும் எங்கட சாந்தியாசனமும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

இதில் முக்கியமான ஒரு விஷயம் இருக்கு. திரும்பத் திரும்பச் சொல்லும் சொல்லை மருத்துவர் திணிக்கவில்லை. இந்துவுக்கு ‘ஓம்’, கத்தோலிக்கருக்கு இயேசு செபம், முஸ்லிமுக்கு ‘சுபஹானல்லாஹ்’, பௌத்தருக்கு ‘புத்தம் சரணம்’. அவரவர் வாயில் பழகிய சொல்லே மருந்தாகியது.

மன்னாரில் இருந்து பார்க்கும்போது இதன் பெறுமதி இன்னும் கூடுது. ஒரே மாவட்டத்தில்தான் மடு மாதாவும் திருக்கேதீஸ்வரமும் எருக்கலம்பிட்டிப் பள்ளிவாசல்களும் இருக்கின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது தீவின் முஸ்லிம்களும் வீடுவாசலை விட்டுப் போனார்கள். அதே காலத்தில் மற்றவர்கள் மடுவுக்கும், கடல்கடந்து இராமேசுவரத்துக்கும் ஓடினார்கள். காயம் எல்லாருக்கும் இருக்கு. அரச ஆஸ்பத்திரி ஒரு சமயத்தின் சொல்லை மட்டும் சொல்லித்தந்தால் பாதிச் சனம் வாசலோடு திரும்பிவிடும். பொதுச் சுகாதாரத்தில் ‘பொது’ என்ற சொல்லுக்கு இதுதான் அர்த்தம் என்று நினைக்கிறோம்.

மூச்சு மட்டுமில்லை. மன்னாரின் நாட்டுக்கூத்தையும் வாசாப்பையும் எடுங்கள். அண்ணாவியார் முன்னிலையில் மாதக்கணக்கில் இரவிரவாகப் பழகுவார்கள். ஆட்டம், பாட்டு, தாளம், ஊர்க்கதை, தேத்தண்ணி எல்லாம் அங்கே இருக்கும். வீட்டில் தனிச்சுப்போன ஒருவருக்குப் போய் இருக்க ஓர் இடம் கிடைக்குது. தவக்காலத்தில் கத்தோலிக்கக் கிராமங்களில் படிக்கும் வியாகுலப் பிரசங்கமும் அப்படித்தான். கோவாவில் இருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது அது. மரியாளின் துக்கத்தைச் சாட்டி ஊரே தன் துக்கத்தையும் அழுது தீர்க்கும். “இது சிகிச்சை” என்று சொன்னால் அண்ணாவிமார் சிரிப்பார்கள். ஆனால் கலைகள் உடல், மன நலத்துக்கு உதவுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 3000க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது 2019இல்தான்.

இதற்கு ஒரு எல்லையும் இருக்கு. ஒப்பாரி துக்கத்தை இறக்கிவைக்கும் வழி. அது உடலைச் சுற்றி இருந்து பாடுவது. பிள்ளை காணாமல் ஆக்கப்பட்ட அம்மா யாரைச் சுற்றி இருந்து பாடுவா? பாடினால் பிள்ளை செத்ததென்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? 2018இல் மன்னார் சதொச வளாகத்தைத் தோண்டியபோது 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. காணாமல் போனவர்களின் குடும்பங்கள் அந்தக் குழியை எப்படிப் பார்த்திருக்கும்? 2019இல் வந்த காபன் பரிசோதனை அவை சில நூற்றாண்டுகள் பழையவை என்றது. அந்த முடிவு பற்றிக் கேள்விகளும் எழுந்தன. காத்திருப்பு முடியவில்லை.

அந்த அம்மாவுக்கு மூச்சுப்பயிற்சி இரவில் இரண்டு மணித்தியால நித்திரையைத் தரலாம். அது சின்ன விஷயமில்லை. ஆனால் “அமைதியாக இருங்கோ” என்று சொல்லிப் பதிலை மறைக்கும் கருவியாகத் தியானம் மாறினால் அதை நாங்கள் ஏற்கமுடியாது. கிளினிக்கில் மூச்சுப்பயிற்சி வேணும், கூத்துக் கொட்டகைக்கும் ஆதரவு வேணும். பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு அரசு சொல்லவேண்டிய பதிலும் வேணும். மூன்றில் ஒன்று கிடைத்ததென்று மற்ற இரண்டையும் விட்டுவிட ஏலாது.